கரண்டியாரின் ஒன்பதாவது காது

பகல் பன்னிரண்டு நாற்பது. உள்ளே போக வேண்டியவர்கள் இன்னும் பத்தொன்பது பேர். டாக்டர் இம்மானுவேல் தங்கதுரை, குழந்தைகள் மருத்துவர், பாளையங்கோட்டை. மன்னிக்கணும் சார், பழக்கதோஷம். மருந்துக் கம்பெனி ரெப் எந்தக் கிளினிக்குக்குள் நுழைந்தாலும் முதலில் இந்த மூன்றையும்தான் டைரியில் எழுதுவான். மணி, எத்தனை பேர், டாக்டர் பெயர். இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். என் பெயர் கோமதிநாயகம்.

நீங்கள் உட்கார்ந்திருப்பது ரெப்கள் பெஞ்சு. பரவாயில்லை, எழுந்திருக்க வேண்டாம். கடைசிக் குழந்தை வெளியே வந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். உங்கள் பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது போலிருக்கிறதே. மீன் தொட்டியை எட்டு சுற்று சுற்றிவிட்டாள். இங்கே வந்து டோக்கன் வாங்கியதும் பாதிக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிடும்.

அவள் தோளில் தொங்குகிற தண்ணீர் பாட்டிலைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். அதில் இருப்பது கரண்டியார்தானே? போன வருஷம் ஆகஸ்டில் வந்த விண்வெளிப் படத்தில் விண்கலத்துக்குச் சமையல் செய்கிற இயந்திர மனிதன். தலையில் கொம்பு மாதிரி ஆன்டெனா, இடுப்புக்குக் கீழே ஒற்றைச் சக்கரம், பக்கத்துக்கு மூன்றாக ஆறு கை. எண்ணிப் பாருங்கள். ஆறுதானே? போஸ்டரிலும் ஆறுதான். ஸ்கூல் பையிலும் ஆறுதான். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்கு அந்த பாட்டிலே சாட்சி.

ஏன் சிரிக்கிறீர்கள்? படம் பார்த்துவிட்டீர்களா? சரி, இருக்கட்டும். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்குக் காகிதம் மடிக்கிற பழக்கம். ஓரிகாமி என்பார்கள். ஒரே ஒரு சதுரத் தாள், கத்தரிக்கோல் கூடாது, பசை கூடாது. இந்தப் பெஞ்சில்தான் ஆரம்பித்தது. மாத்திரைப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, யாருமே படிக்காத தாள், அது மடிப்பதற்கென்றே செய்த மாதிரி மெல்லிசாக, உறுதியாக இருக்கும். எங்கள் கம்பெனித் தாள் சரியில்லை, நாலாவது மடிப்பில் கிழியும். எதிர்க்கம்பெனி ரெப் காஜா இருக்கிறானே, அவன் விற்கிற இருமல் மருந்தின் தாள் முதல் தரம். அவனிடம் கேட்டு வாங்குவேன். "வே, எங்க மருந்த எழுதாதேன்னு டாக்டர்ட்ட சொல்லுதீரு, எங்க தாள் மட்டும் இனிக்குதோ?" என்பான். தொழில் வேறு, கலை வேறு. அது அவனுக்குப் புரியாது.

கொக்கு, தவளை, தாமரை எல்லாம் எல்லாரும் மடிக்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. விண்கலம், வேற்றுக்கிரகவாசி, இயந்திர மனிதன், இதெல்லாம்தான் என் துறை. பதினோரு வருஷத்தில் பதினான்கு உருவங்கள், அத்தனையும் சொந்த வடிவமைப்பு. பறக்கும் தட்டு செய்தேன். என் மனைவி பேச்சியம்மாள் அதில் தாளிப்பு வடகத்தைக் காயப்போட்டாள். நீளமான ராக்கெட் ஒன்று செய்தேன், பச்சைத் தாளில். இங்கே ஒரு குழந்தை அதை வெண்டைக்காய் என்றது. மூன்று கண் வேற்றுக்கிரகவாசியைக் காஜா வௌவால் என்று சொன்னான். சொல்லட்டும். வேற்றுக்கிரகவாசி எப்படி இருப்பான் என்று காஜாவுக்கு மட்டும் தெரியுமா?

ஒன்றைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். இந்தப் பதினான்கையும் செய்த நான் இதுவரை ஒரு விண்வெளிப் படமும் பார்த்ததில்லை. தியேட்டரில் ஏசி பட்டதும் தூங்கிவிடுவேன் என்பது ஒரு காரணம். பார்த்தால் சொந்தக் கற்பனை கெட்டுப்போகும் என்பதுதான் முக்கியமான காரணம்.

மதுரையில் எங்களுக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. தென்மாவட்டக் காகித மடிப்பாளர்கள், மொத்தம் நாற்பத்தொரு பேர். வருஷத்துக்கு ஒரு கண்காட்சி. சுவரோரமாக நீள மேசைகள், அதில் யாரோ ஜப்பான்காரர் கண்டுபிடித்ததையோ, தேர்வாகாத நம் உருவத்தையோ மடித்து வைக்கலாம். நடுவில் ஒரு வட்ட மேசை. அதுதான் சொந்த வடிவமைப்பு மேசை. அதில் ஒரு அட்டை வைத்து வடிவமைத்தவர் பெயரும் ஊரும் எழுதுவார்கள். பத்து வருஷமாக நான் சுவரோரம்தான். பத்து வருஷமும் அந்த வட்ட மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து மற்றவர்கள் பெயரைப் படித்திருக்கிறேன். உங்கள் பாப்பா மீன் தொட்டியைச் சுற்றுகிறாளே, அந்த மாதிரி.

வட்ட மேசைக்கு ஒரு விதி உண்டு. உருவத்தைச் செய்தால் மட்டும் போதாது. அதை எப்படி மடிப்பது என்று படிப்படியாகப் படம் வரைந்து தரவேண்டும். அந்தப் படங்களை மட்டும் பார்த்து வேறொருவர் அதே உருவத்தை மடிக்கவேண்டும். அவருக்குச் சோதனைக் கை என்று பெயர். சோதனைக் கை மூல உருவத்தைக் கண்ணால் பார்த்திருக்கக்கூடாது. வடிவமைத்தவரிடம் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. இரண்டு உருவங்களையும் சேர்த்து அனுப்பவேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வேறொரு கையில் பிறக்காத வடிவம் வடிவமே இல்லை என்பார் எங்கள் செயலாளர் பானுரேகா. கூட்டுறவு வங்கியில் அதிகாரி. விதி என்றால் விதிதான்.

கரண்டியாருக்கு முந்தைய வருஷம் பேச்சியம்மாளைச் சோதனைக் கையாக வைத்தேன். பன்னிரண்டாவது படியில், "இத மடிக்கிற நேரத்துக்கு வீட்ல எத்தன போர்வ மடிக்காம கெடக்கு, தெரியுமா?" என்று எழுந்து போய்விட்டாள். அதோடு அந்த வருஷம் முடிந்தது.

அப்புறம்தான் இந்தக் கரண்டியார் வந்தார். ஊரெல்லாம் கரண்டியார் பனியன், கரண்டியார் சாவிக்கொத்து. பஸ் ஸ்டாண்ட் சுவரில் பன்னிரண்டடி போஸ்டர். அதன் முன்னால் நின்று ஒரு மணி நேரம் குறிப்பெடுத்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன்.

கொஞ்சம் தொழில் விஷயம் சொல்கிறேன், சுலபம்தான். ஓர் உருவத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு உறுப்புக்கும் தாளிலிருந்து ஒரு கூர்முனை எடுக்கவேண்டும். அதை நாங்கள் காது என்போம். கரண்டியாருக்குக் கை ஆறு, தலை ஒன்று, சக்கரம் ஒன்று. ஆக எட்டுக் காது. சதுரத் தாளில் மூலை நாலு, பக்கங்களின் நடுப்புள்ளி நாலு. எட்டு! கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதும் இந்தப் பெஞ்சிலேயே துள்ளிவிட்டேன். காஜா, "என்னவே, டாக்டர் ஆர்டர் குடுத்துட்டாரா?" என்று கேட்டான்.

ஆனால் ஒரு சிக்கல். எட்டுக் காதையும் எடுத்து மடக்கினால், தாளின் நடுமையம் இருக்கிறதே, அது தானாக ஒரு காதாக எழும்பி நின்றது. ஒன்பதாவது காது. சரியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கிறது. வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. உள்ளே தள்ளினால் முதுகில் வருகிறது. முதுகில் அமுக்கினால் சக்கரம் கோணுகிறது. செப்டம்பர் முழுக்க, அக்டோபர் முழுக்க அந்தக் காதோடுதான் மல்லுக்கட்டினேன். கடைசியில் சுருட்டி, உள்பக்கம் மடித்து, மறுபடி சுருட்டி, வயிற்றுக்குள்ளேயே பூட்டிவிட்டேன். வெளியே ஒரு கோடு தெரியாது. உருவம் ஐம்பத்தெட்டாவது படியில் முடிந்துவிடும். ஐம்பத்தொன்பதிலிருந்து எழுபத்து மூன்று வரை பதினைந்து படிகள் அந்த ஒன்பதாவது காதை ஒளிப்பதற்கு மட்டும். சார், என் இத்தனை வருஷத் திறமையும் அந்தப் பதினைந்து படியில்தான் இருக்கிறது.

அப்போது ஒரு சின்னக் குழந்தை, மூன்றாம் வகுப்பு இருக்கும், இங்கே என் பக்கத்தில் வந்து நின்றது. கரண்டியாரைக் கையில் கொடுத்தேன். விரல் வைத்து எண்ணியது. ஆறு வரைக்கும் எண்ணியது. அப்புறம் திருப்பிப் பார்த்தது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தது. வயிற்றில் நகத்தால் சுரண்டிப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்தது. கரண்டியாரை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டது. ஒளித்த இடம் தெரியவில்லை பாருங்கள்! எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இனி சோதனைக் கை வேண்டும். அதோ கவுன்டரில் டோக்கன் போடுகிறாரே, ஆக்ஸீலியா சிஸ்டர், அவரைக் கேட்டேன். காரணத்தோடுதான் கேட்டேன். டோக்கன் கூட்டத்தில் இந்தப் பெஞ்சுப் பக்கம் திரும்பக்கூட அவருக்கு நேரமிருந்ததில்லை, என் கரண்டியாரை அவர் பார்த்ததே இல்லை. இந்த டாக்டரின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்வார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்று நினைத்தேன்.

வரைபடத்தின் தலைப்பைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, கரண்டியாரா! எனக்கு உசுரு அண்ணாச்சி. நாலு தடவ பாத்துட்டேன். நீங்க படம் பாத்தியளா?"

"பாக்கல. பாக்கவும் மாட்டேன்."

"அப்படிச் சொல்லாதீய. ஒரு தடவ பாத்திருங்களேன். இடைவேளைக்கு அப்புறமாச்சும் பாத்திருங்க."

"சிஸ்டர், கேள்வி கேக்கக்கூடாதுன்னு விதி இருக்கு."

"இது கேள்வி இல்லியே அண்ணாச்சி."

"யோசனையும் சொல்லக்கூடாது."

"சரி," என்றார். அந்தச் சரியை ஒரு மாதிரி இழுத்துச் சொன்னார். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் கண்ணில் மூல உருவம் படாமல் இருக்கச் சாம்பிள் பைக்குள் கையை விட்டபடியேதான் கரண்டியாரைத் தடவிப் பார்ப்பேன். பைக்குள் பூனைக்குட்டி வைத்திருக்கிறேன் என்று காஜா கதை கட்டிவிட்டான். இரண்டு தாய்மார் நம்பிவிட்டார்கள். சிஸ்டரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருநாள் கவுன்டரைத் தாண்டும்போது, "அண்ணாச்சி, அம்பத்தெட்டு வரைக்கும் வந்துட்டேன்" என்றார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். விதி.

நவம்பர் இருபத்தெட்டு, வியாழக்கிழமை. பகல் ஒன்று பத்து. முப்பத்திரண்டு பேர். மழைக்காலம், வீசிங் கேஸ் ஏகப்பட்டது. முப்பதாம் தேதிக்குள் இரண்டு உருவமும் வரைபடமும் மதுரைக்குப் போய்ச் சேரவேண்டும். சிஸ்டர் ஒரு ஸ்வீட் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். திறந்தேன்.

எல்லாம் சரியாக இருந்தது. என்னுடையதைவிட மடிப்பு சுத்தம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயிற்றின் நடுவில் அந்த ஒன்பதாவது காது விறைத்துக்கொண்டு நிற்கிறது! அதோடு விட்டாரா? நுனியை லேசாகத் தட்டையாக்கி, வளைத்து, ஒரு கரண்டி மாதிரி ஆக்கியிருக்கிறார்.

"சிஸ்டர், கடைசிப் பதினஞ்சு படி எங்க?"

"மடிக்கல அண்ணாச்சி."

"மடிக்கலன்னா? நேரமில்லியா?"

"நேரம் இருந்துச்சு. மனசு வரல."

நான் கொஞ்சம் சத்தம் போட்டேன் என்று பிற்பாடு சொன்னார்கள். இருக்கலாம். வரைபடத்தில் இருப்பதை மடிக்காமல் விட்டது சோம்பேறித்தனம் என்றேன். கலைஞனின் உச்சத்தை வெட்டி எறிந்துவிட்டீர்கள் என்றேன். சத்தம் கேட்டு, மூக்கில் மாஸ்க் மாட்டியிருந்த ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்தது. பெட்டியைப் பார்த்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "ஏழாவது கை!" என்று கத்தியது பாருங்கள்.

அவ்வளவுதான். முப்பத்திரண்டு குழந்தைகளும் கவுன்டருக்கு வந்துவிட்டன. இருமுகிறவை, தும்முகிறவை, அம்மா இடுப்பில் இருக்கிறவை எல்லாம். ஒரு தகப்பனார் விசிலே அடித்தார். டாக்டர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன சத்தம் சிஸ்டர்?" என்றவர் பெட்டியைப் பார்த்ததும், "அடேயப்பா, ஏழாவது கையும் வருதா!" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கொண்டுபோன எந்த மருந்தையும் அவர் அப்படிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. படத்தில் இடைவேளைக்குப் பிறகு எதிரிகள் கரண்டியாரின் ஆறு கையையும் சங்கிலியால் கட்டிப் போடுவார்களாம். வயிற்றில் ஒரு கதவு திறந்து ஏழாவது கை வருமாம். அதை வைத்து விண்கலத்தின் கதவைத் தாழ்போட்டு அத்தனை பேரையும் காப்பாற்றுமாம். இதை வெளியே யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கடைசியில் எழுத்துப் போடுவார்களாம். ஊரே அதைக் காப்பாற்றியிருக்கிறது. பால் விலையிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் நாலு தெருவுக்குச் சொல்கிற ஊர் சார் இது. இதை மட்டும் என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

"காஜா, ஒமக்குத் தெரியுமா வே?" என்றேன்.

"அக்டோபர்லயே தெரியும். நீரு அந்தக் காத ஒளிச்சு வைக்கப் படுத பாட்ட இந்த பெஞ்சே பாத்துக்கிட்டுதான இருந்துச்சு. டிக்கெட் இல்லாத படம், எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டோம்."

சிஸ்டரிடம் திரும்பி, "நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்கதான் கேள்வியும் கூடாது, யோசனையும் கூடாதுன்னுட்டியளே. படக்காரங்க வேற சொல்லாதேங்காங்க. நான் எந்தப் பக்கம் போவேன் அண்ணாச்சி?" என்றார்.

நியாயத்தைச் சொல்லுங்கள் சார். படக்காரன் ஒளித்தான், அதை உலகமே மெச்சுகிறது. நானும் அதே இடத்தில் அதையேதான் ஒளித்தேன், ஒரு படமும் பார்க்காமல். என்னை ஏன் ஒருத்தரும் மெச்சவில்லை?

இப்போது முப்பதாம் தேதிக்கு இரண்டு நாள். இரண்டு உருவமும் ஒத்துப்போக வேண்டும். என்னுடையதற்கு ஆறு கை, சிஸ்டருடையதற்கு ஏழு. பதினைந்து படியையும் மடித்துத் தாருங்கள் என்று அவரிடம் கெஞ்சியே கேட்டேன். கவுன்டருக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, வேற என்ன வேணா சொல்லுங்க, செய்யுதேன். அந்தக் கைய என் கையால உள்ள தள்ள மாட்டேன்."

பக்கத்தில் நின்ற குழந்தைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எல்லாருக்கும் ஊசி போட வந்தவன் நான்தான் என்பது மாதிரி.

அன்று மதியம் டாக்டரைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் என் கரண்டியாரை வைத்தேன். எழுபத்து மூன்றிலிருந்து பின்னோக்கிப் பிரித்தேன். எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபது. பேச்சியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஐம்பத்தொன்பதைப் பிரித்ததும் அந்தக் காது டபக்கென்று வெளியே வந்தது. "அட, இது நல்லாருக்கே!" என்றாள். என் உருவம் ஒன்றைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது வேறு விஷயம். பழைய மடிப்புத் தடம் வயிறு முழுக்க விழுந்திருந்தது. எத்தனை தேய்த்தும் போகவில்லை. போகாததும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் பார்த்தால் அங்கே ஒரு பெரிய வேலை நடந்திருக்கிறது என்று கண்டுகொள்வார்கள்.

கரண்டி நுனிக்கு மட்டும் எனக்குக் கை வரவில்லை. மறுநாள் காலையில் இங்கே வந்து சிஸ்டரிடம் கேட்டேன். வடிவமைத்தவர் சோதனைக் கையிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. இரண்டு நிமிஷத்தில் மடித்துக் காட்டினார். ஐம்பத்தெட்டாவது படத்தில் அதையும் சேர்த்து வரைந்து, மீதிப் பதினைந்து படங்களையும் எடுத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குக் கூரியரில் போட்டேன். பெரிய மனசு பண்ணித்தான் விட்டுக்கொடுத்தேன் சார். பாவம், பயிற்சி இல்லாதவர், பதினைந்து படிகள் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். தற்செயலாக ஏழாவது கை அமைந்துபோய்விட்டது. இப்போது அவர் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ விண்கலம் ஒன்று சொந்தமாக மடித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலெல்லாம் இருக்கிறது. சோதனைக் கையாக என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார். சரி, பொழுதுபோகட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

படமா? இன்னும் பார்க்கவில்லை. கதைதான் தெரிந்துவிட்டதே.

பாப்பாவைக் கூப்பிடுங்கள், உங்கள் டோக்கன் வரப்போகிறது. முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, மதுரைக் கண்காட்சி. வட்ட மேசை, எண் ஒன்பது. அட்டையில், "கரண்டியார். ஒரே சதுரத் தாள், 58 படிகள். வடிவமைப்பு: கோ. கோமதிநாயகம், பாளையங்கோட்டை. சோதனைக் கை: ம. ஆக்ஸீலியா" என்று எழுதியிருந்தார்கள். மேசையில் ஓர் உருவத்துக்குத்தான் இடம் இருந்தது. ஆக்ஸீலியா மடித்ததை வைத்தார்கள்.